இருக்கைக் கணக்கும் இடையில் ஓடும் செய்தியும்: ரயில் முன்பதிவைப் புதுப்பிக்கும் வழி

புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் வங்காளத் தொழிலாளி ஒருவர், துர்கா பூஜைக்கு ஊர் போக, புதுச்சேரி–ஹவுரா விரைவு ரயிலில் ஒரு படுக்கை கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். புதுச்சேரி ரயில் நிலையக் கவுண்டரில் விண்ணப்பம் எழுதிக் கொடுக்கலாம்; கைப்பேசியில் தானே போட்டுக்கொள்ளலாம்; ஹவுராவில் இருக்கும் தம்பியை அங்கே வாங்கி வைக்கச் சொல்லலாம். எங்கே வாங்கினாலும் சீட்டில் அச்சாகும் பத்து இலக்க பிஎன்ஆர் எண் பொதுவாக 4 அல்லது 5 என்றுதான் தொடங்கும். ரயில் புறப்படும் மண்டலம் எதுவோ, அந்த மண்டலத்தின் கணக்கை வைத்திருக்கும் கணினி மையத்தைத்தான் அந்த முதல் இலக்கம் சொல்கிறது. 4-ம் 5-ம் சென்னை மையத்துக்கு உரியவை. ஹவுராவில் கேட்ட கேள்வி சென்னைக்கு வந்து, அங்கே படுக்கை ஒதுக்கப்பட்டு, பதில் ஹவுராவுக்குத் திரும்புகிறது. கேள்வியையும் பதிலையும் பிசகாமல் சுமந்து செல்வது பயணிக்குத் தெரியாத ஓர் இடைநிலை மென்பொருள். இந்திய ரயில்வே தன் முன்பதிவு அமைப்பை மாற்றியமைக்கும் இந்தக் காலத்தில், நிமிடத்துக்கு எத்தனை சீட்டு என்ற பேச்சே பெரிதாகக் கேட்கிறது. ஆனால் வேலையை எங்கிருந்து தொடங்குவது, எந்த வரிசையில் செய்வது என்ற கேள்விக்கான விடை அந்த இடைநிலை அடுக்கில்தான் இருக்கிறது.

வரலாற்றிலிருந்து தொடங்க வேண்டும். 1980-களின் நடுப்பகுதி வரை முன்பதிவு என்பது பெரிய பேரேடுகளில் கையால் எழுதும் வேலை. ஒவ்வொரு ரயிலுக்கும், ஒவ்வொரு நாளுக்கும் தனிப் பக்கம். அந்தப் பேரேடு இருக்கும் கவுண்டரில் மட்டுமே அந்த ரயிலுக்குச் சீட்டு. திரும்பி வரும் பயணத்துக்குத் தந்தி அடித்துக் காத்திருக்க வேண்டும். ஐபிஎம் இந்தியாவை விட்டுப் போனபின் அதன் பராமரிப்புப் பணிகளை ஏற்ற பொதுத்துறை நிறுவனமான சிஎம்சி, ‘இம்ப்ரெஸ்’ என்ற முன்பதிவு மென்பொருளை எழுதியது. அது 1985-86-ல் புது தில்லியில் ஓடத் தொடங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் மும்பை, கல்கத்தா, சென்னை, செகந்திராபாத் மையங்களும் கணினிக்கு மாறின. அமெரிக்காவின் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனம் செய்த வாக்ஸ் கணினிகளில் இவை ஓடின. பெரிய முன்னேற்றம்தான். ஆனாலும் ஐந்து மையங்களும் ஐந்து தீவுகளாகவே இருந்தன. தில்லியின் கணக்கு தில்லிக் கணினிக்குத்தான் தெரியும். சென்னையில் நின்று தில்லியில் புறப்படும் ரயிலுக்குச் சீட்டு வாங்க, தில்லிக் கணினியோடு நேரடியாக இணைத்த தனி முனையம் வேண்டியிருந்தது.

ஐந்தையும் இணைக்கும் பொறுப்பு 1986-ல் ரயில்வே அமைச்சகம் உருவாக்கிய ‘கிரிஸ்’ என்ற ரயில்வே தகவல் முறைமை மையத்திடம் வந்தது. அது எடுத்த முடிவு கவனிக்கத் தக்கது. ஐந்து தரவுத்தளங்களையும் உருக்கி ஒன்றாக வார்க்கவில்லை. ஒவ்வொரு மையமும் தன் ரயில்களின் கணக்கைத் தானே வைத்துக்கொள்ளட்டும், மையங்களுக்கு இடையே செய்தி மட்டும் ஓடட்டும் என்று ‘கான்செர்ட்’ அமைப்பை வடிவமைத்தது. சி, ஃபோர்ட்ரான் மொழிகளில் நிரல். அடியில் ஓபன்விஎம்எஸ் இயங்குதளம். நடுவில் டிஜிட்டல் நிறுவனத்தின் ‘ரிலையபிள் டிரான்சாக்‌ஷன் ரூட்டர்’, சுருக்கமாக ஆர்டிஆர். 1994-ல் செகந்திராபாத்தில் முதலில் நிறுவி, 1999 ஏப்ரலில் ஐந்து மையங்களையும் இணைத்து முடித்தார்கள். எந்த நகரத்துக் கவுண்டரிலும் எந்த ரயிலுக்கும் சீட்டு என்பது அப்போதுதான் நடைமுறைக்கு வந்தது. ஒரே இரவில் அல்ல, ஐந்து ஆண்டுகளில், மையம் மையமாக.

ஆர்டிஆர் செய்யும் வேலையைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். அதற்கு மூன்று அடுக்குகள். கவுண்டர் முனையத்தின் கோரிக்கையை வாங்கும் முன்பகுதி, அதை எங்கே அனுப்புவது என்று தீர்மானிக்கும் நடுப்பகுதி, கணக்கைத் திறந்து எழுதும் பின்பகுதி. கோரிக்கைக்குள் இருக்கும் ஒரு மதிப்பைப் படித்து, அதை வைத்தே எந்தச் சர்வருக்கு அனுப்புவது என்று முடிவெடுக்கும் வசதி நடுப்பகுதிக்கு உண்டு. கோரிக்கை அனுப்பிய பிறகு லைன் அறுந்தால், பின்பகுதி சர்வர் விழுந்தால், பாதி எழுதிய நிலை என்று எதுவும் மிஞ்சாது; முழுவதும் பதிவாகியிருக்கும், அல்லது முழுவதும் ரத்தாகியிருக்கும். விழுந்த சர்வருக்கு நிழலாக நிற்கும் இன்னொன்று வேலையைத் தொடரும்; வழியில் நின்ற செய்திகளை நாட்குறிப்பிலிருந்து எடுத்து மறுபடி அனுப்பும். ஒரே படுக்கை இருவருக்கு விற்கப்படாமல் இருப்பதும், காசு வாங்கிக்கொண்டு சீட்டு அச்சாகாமல் போகாமல் இருப்பதும் இந்த ஒழுங்கின் பலன். வங்கிகளின் மெயின்பிரேம்களில் ஐஎம்எஸ், சிக்ஸ் ஆகியவற்றின் செய்தி வரிசைகளும், 1993-ல் வந்த ஐபிஎம்மின் எம்க்யூ சீரிஸும் காப்பது இதே ஒழுங்கைத்தான்.

இந்த அடித்தளம் அப்படியே இருக்க, மேலடுக்குகள் மட்டும் அடுத்தடுத்து மாறின. 2002 ஆகஸ்ட்டில் ஐஆர்சிடிசி இணையவழி விற்பனையைத் தொடங்கியது. 2014-ல் வந்த அடுத்த தலைமுறை இணைய அமைப்பு, நிமிடத்துக்கு 2,000 சீட்டு என்ற அளவை 7,200-ஆக உயர்த்தியது. இன்று முன்பதிவுச் சீட்டுகளில் ஐந்தில் நான்குக்கும் மேல் இணைய வழியில் விற்கின்றன. கீழே கணினிகளும் மாறின: வாக்ஸ் போய் ஆல்ஃபா, ஆல்ஃபா போய் இட்டானியம். இப்போதைய அமைப்பு 2010-ல் நிறுவப்பட்டது என்றும், இட்டானியம் சர்வர்களிலும் ஓபன்விஎம்எஸ்ஸிலும் ஓடுகிறது என்றும் அரசே 2025-ல் நாடாளுமன்றத்தில் கூறியது. மேலும் கீழும் இத்தனை மாறியும் நடுவில் செய்தி ஓடும் முறையும், அதற்குள் பொதிந்த விதிகளும் பெரிதாக மாறவில்லை. அதைக் குறையாகச் சொல்லவில்லை. நாற்பது ஆண்டுகளாக ஒரு நாட்டின் பயணத்தைத் தாங்கிய வேலைக்கு உரிய மரியாதையோடுதான் அதை அணுக வேண்டும்.

இனியும் தள்ளிப்போட முடியாது என்பதற்குக் காரணங்கள் தெளிவானவை. இன்டெல் இட்டானியம் சில்லுகளின் கடைசி அனுப்புதலை 2021 ஜூலையோடு முடித்துக்கொண்டது. அடுத்த தலைமுறை இட்டானியத்துக்கு ஓபன்விஎம்எஸ்ஸைக் கொண்டுபோவதில்லை என்று அந்த இயங்குதளத்தை அப்போது வைத்திருந்த ஹெச்பி 2013-லேயே அறிவித்துவிட்டது. அதன் வளர்ச்சிப் பணி மறு ஆண்டே விஎம்எஸ் சாஃப்ட்வேர் என்ற தனி நிறுவனத்துக்குக் கைமாறியது. உதிரிப் பாகம் கிடைக்காத இயந்திரத்தில் ஒரு தேசத்தின் இருக்கைக் கணக்கை வைத்திருப்பது நியாயமல்ல. இரண்டாவது காரணம் ஆட்கள். ஃபோர்ட்ரானிலும் ஓபன்விஎம்எஸ்ஸிலும் கை பழகியவர்கள் பணி ஓய்வுக்கு வந்துவிட்டார்கள். கல்லூரியிலிருந்து வரும் பொறியாளருக்கு அவற்றைக் கற்க வாய்ப்பும் இல்லை, ஊக்கமும் இல்லை. மூன்றாவது, விதிகள் மாறும் வேகம். 2024 நவம்பரில் முன்பதிவுக் காலம் 120 நாளிலிருந்து 60 நாளானது. 2025 ஜூலையில் இணையவழித் தட்கலுக்கு ஆதார் சரிபார்ப்பு வந்தது. புறப்பாட்டுக்கு நான்கு மணி நேரம் முன் தயாரான சார்ட்டை எட்டு மணி நேரம் முன்பே தயாரிப்பது என்றும் முடிவானது. இப்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் பழைய நிரலைத் திறந்து தையல் போட வேண்டியிருக்கிறது. தையல் கூடக் கூட, எது எதைத் தாங்குகிறது என்று தெரிந்தவர் எண்ணிக்கை குறைகிறது.

ஆகவே புதுப்பிக்க வேண்டும். எப்படி என்பதில்தான் இந்தக் கட்டுரையின் வாதம் இருக்கிறது. முதலில் நடு அடுக்கை எடுத்துக்கொள்ள வேண்டும். தரவுத்தளத்தை அல்ல, திரையை அல்ல. கவுண்டருக்கும் கணக்குக்கும் இடையே இன்று ஓடும் ஒவ்வொரு வகைச் செய்தியையும் பட்டியலிட்டு, அதன் வடிவத்தை எந்த நிறுவனத்தின் சொத்தாகவும் இல்லாத பொது முறையில் எழுதி வைக்க வேண்டும். இருக்கை விசாரிப்பு, ஒதுக்கீடு, ரத்து, பெயர்த் திருத்தம், சார்ட், கட்டணத் திருப்பம் என எல்லாம் அதில் அடங்க வேண்டும். புதிய இடைநிலை அடுக்கு அந்த வடிவத்தைப் பேச வேண்டும். பின்னால் பழைய இட்டானியம் சர்வர் இருக்கிறதா, புதிய சர்வர் இருக்கிறதா என்பது முன்னால் நிற்பவருக்குத் தெரியவே கூடாது. அதன் பிறகு ரயில் ரயிலாகக் கணக்கை மாற்றலாம். ஒரு ரயிலின் ஒரு நாள் கணக்கு ஒரே மையத்தில்தான் இருக்கிறது. செய்தியைத் திருப்பிவிடுவது நடு அடுக்கின் இயல்பான வேலை. வாரம் ஒருமுறை மட்டும் ஓடும் புதுச்சேரி–கன்னியாகுமரி விரைவு ரயில் போன்ற ஒன்றை முதலில் புதிய தளத்துக்கு மாற்றி, அறுபது நாள் முன்பதிவுச் சுற்று ஒன்று முழுவதும் பழைய கணக்கோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். பிசகு கண்டால் அந்த ஒரு ரயிலை மட்டும் திருப்பிக்கொள்ளலாம். தமிழ்நாடு, பாண்டியன் போன்ற நெரிசல் ரயில்கள் கடைசியில் வரட்டும்.

இந்த வரிசை வெறும் கற்பனையல்ல என்பதற்கு நம் நாட்டு வங்கிகளே சான்று. 2016-ல் தேசியக் கொடுப்பனவுக் கழகம் யுபிஐயைக் கொண்டுவந்தபோது எந்த வங்கியையும் தன் கணக்கு மென்பொருளைத் தூக்கியெறியச் சொல்லவில்லை. வங்கிகளுக்கு இடையே ஓடும் செய்தியின் வடிவத்தை மட்டும் வரையறுத்தது. அதைப் பேசத் தெரிந்த வங்கி எதுவானாலும் சேரலாம் என்றது. உள்ளே பேரேடு எந்த மொழியில் எழுதப்பட்டிருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. மேட்டுப்பாளையம் டீக்கடையில் ஸ்கேன் செய்கிறவரின் வங்கியும் கடைக்காரரின் வங்கியும் வெவ்வேறு கால மென்பொருள்களில் ஓடலாம். நடுவில் ஓடும் செய்தி ஒன்றே. அதன்பின் வங்கிகள் தங்கள் உட்பகுதியைத் தத்தம் வேகத்தில் புதுப்பித்துக்கொள்ள முடிகிறது. உலக விமானப் பயண முன்பதிவில் பெரும்பங்கு வகிக்கும் அமேடியஸ் நிறுவனமும் தன் மெயின்பிரேம் வேலைகளைப் பத்தாண்டுக்கும் மேலாகத் துண்டு துண்டாகப் பிரித்தெடுத்துத்தான் திறந்த கணினிகளுக்கு மாறியது.

எதிர்ப்பக்கச் சான்று பிரிட்டனில் இருக்கிறது. டிஎஸ்பி வங்கி 2018 ஏப்ரலில் ஒரு வார இறுதியில் தன் வாடிக்கையாளர் கணக்குகளைப் பழைய தளத்திலிருந்து புதிய தளத்துக்கு ஒட்டுமொத்தமாக மாற்றியது. தரவு சரியாகவே போய்ச் சேர்ந்தது, தளம்தான் தாங்கவில்லை. திங்கட்கிழமை மக்கள் தங்கள் கணக்கைத் திறக்க முடியாமல் தவித்தார்கள். சிலருக்குப் பிறர் கணக்கு தெரிந்தது. நிலைமை முழுவதும் சீராக அந்த ஆண்டு டிசம்பர் ஆனது. 2022 டிசம்பரில் ஒழுங்குமுறை அமைப்புகள் அந்த வங்கிக்கு 4.86 கோடி பவுண்டுக்கு மேல் அபராதம் விதித்தன. பாதிப்புக்கு உள்ளானவர்கள் சுமார் 52 லட்சம் வாடிக்கையாளர்களில் பெரும் பகுதியினர். நம் ரயில்வேயில் ஒரு பண்டிகைக் காலத்தில் இப்படி நடந்தால், கைகாட்ட இன்னொரு ரயில்வே கிடையாது.

ஓடிக்கொண்டிருப்பதை ஏன் தொட வேண்டும், ஓபன்விஎம்எஸ்ஸின் எக்ஸ்86 பதிப்பு 2022-லேயே வந்துவிட்டதே, நிரலை மறுபடி தொகுத்துச் சாதாரண சர்வரில் ஏற்றினால் போதாதா என்று ஒரு சாரார் கேட்கிறார்கள். மதிக்க வேண்டிய கேள்வி. இயந்திரம் பழுதாகும் ஆபத்தை அது உண்மையாகவே நீக்கும். மாறும் காலத்துக்கு நல்ல கைத்தாங்கலும் ஆகும். ஆனால் ஆட்கள் குறைவதையோ, விதி மாற்றத்தின் சுமையையோ அது தொடுவதில்லை. ஒரே விற்பனையாளரை நம்பியிருக்கும் நிலையும் மாறுவதில்லை. கால அவகாசம் வாங்க அந்த வழியைப் பயன்படுத்தலாம். வாங்கிய அவகாசத்தில் நடு அடுக்கைத் திறக்காவிட்டால் பத்தாண்டு கழித்து இதே கேள்வி இன்னும் கடினமாகத் திரும்பி வரும்.

இன்னொரு சாரார் நேர் எதிராகச் சொல்கிறார்கள். பழையதையும் புதியதையும் ஒருசேர ஓட்டினால் செலவு இரட்டிப்பாகும். பழைய உட்பகுதியைப் புதுப் போர்வையால் மூடிவிட்டால் அதை அகற்றும் அவசரம் போய்விடும். ஆகவே முழுதாக இடித்துக் கட்டுவதே நேர்மை என்பது அவர்கள் வாதம். இதிலும் பாதி உண்மை இருக்கிறது. 2014-ல் இணைய அடுக்கு புதிதான பிறகும் உட்பகுதி பத்தாண்டுக்கு மேல் அப்படியே நின்றதே இதற்குச் சாட்சி. இதற்கு மருந்து கால வரையறை. எந்த ரயில் எந்த மாதம் மாறும் என்ற அட்டவணையை முன்கூட்டியே வெளியிட்டு, கடைசி ரயில் மாறியதும் பழைய சர்வரை அணைக்கும் நாளையும் குறித்துவிட வேண்டும். இரட்டைச் செலவு உண்மைதான். ஆனால் அது சில ஆண்டுச் செலவு, அளவு தெரிந்த செலவு. ஒட்டுமொத்தமாக மாற்றித் தோற்பதன் விலைக்கு வரம்பே கிடையாது.

மூன்றாவது வாதம்தான் பொதுவெளியில் அதிகம் கேட்கிறது: கொள்திறன். நிமிடத்துக்கு 32,000 சீட்டு என்பதை 1.5 லட்சத்துக்கு மேலாகவும், விசாரிப்புகளை 4 லட்சத்திலிருந்து 40 லட்சமாகவும் உயர்த்துவதே இலக்கு என்று 2025 ஜூன் இறுதியில் அறிவித்தார்கள். அந்த ஆண்டு டிசம்பருக்குள் முடிக்கவும் குறிவைத்தார்கள். விசாரிப்பைப் பொறுத்தவரை இது முழு நியாயம். விசாரிப்பு கணக்கைப் படிக்கும் வேலை மட்டுமே. நகல்கள் வைத்து எத்தனை சர்வரிலும் பரப்பலாம். ஒதுக்கீடு அப்படியல்ல. காலை 10 மணிக்குக் குளிர்சாதன வகுப்புத் தட்கல் திறக்கிறது, 11 மணிக்கு மற்ற வகுப்புகள். அந்த நொடியில் ஒரே ரயிலின் ஒரே வகுப்பின் சில பத்துப் படுக்கைகளை ஆயிரக்கணக்கானோர் கேட்கிறார்கள். படுக்கை ஒவ்வொன்றும் ஒருவருக்குத்தான் என்பதால், கடைசிக் கட்டத்தில் கோரிக்கைகள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் கணக்கைத் தொட முடியும். சர்வர்களைக் கூட்டினால் நாட்டின் எல்லா ரயில்களுக்குமான மொத்த எண்ணிக்கை உயரும். அந்த ஒரு ரயிலின் வாசல் அகலமாகாது. அங்கே தேவை வந்த வரிசையைக் குலைக்காத செய்தி வரிசை. ஒரே கோரிக்கை இருமுறை வந்தால் அடையாளம் கண்டு ஒருமுறை மட்டும் செயல்படுத்தும் ஒழுங்கு. கிடைக்காது என்றால் அதை நொடியில் சொல்லிவிடும் நேர்மை. இவை மூன்றும் நடு அடுக்கின் குணங்கள். நெரிசலின் வேர் மென்பொருளில் இல்லை, ரயில்களின் பற்றாக்குறையில் இருக்கிறது என்பதையும் மறக்கக் கூடாது. எந்தச் சர்வரும் இல்லாத படுக்கையை உருவாக்காது.

பயணிக்கு அதிகம் வலிக்கும் இடம் ஒன்று பாக்கி: பணம் கழிந்தது, சீட்டு வரவில்லை. ஆர்டிஆர் காக்கும் முழுமை ரயில்வேயின் எல்லைக்குள் மட்டுமே செல்லும். பணமோ வங்கியின் கணினியில் கழிகிறது. இரண்டு பழைய அமைப்புகளுக்கு நடுவே, யாருடைய கட்டுப்பாட்டிலும் இல்லாத இடைவெளியில் அந்தப் பரிவர்த்தனை தொங்குகிறது. 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி இதற்கு ஓர் எல்லை வகுத்தது: யுபிஐ வழியே கடைக்குச் செலுத்திய பணம் போய்ச் சேராவிட்டால் ஐந்து நாளுக்குள் தானாகத் திருப்ப வேண்டும், தாமதித்தால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. சட்டம் தன் பங்கைச் செய்திருக்கிறது. ஆனால் கூலிக்கு உழைப்பவருக்கு அந்த ஐந்து நாள் என்பது, அடுத்த சீட்டுக்குப் பணமில்லாத ஐந்து நாள். புதிய செய்தி வடிவம் வங்கியின் பதிலையும் தனக்குள் கணக்கில் எடுத்து, ஒதுக்கிய படுக்கையைச் சில நிமிடம் பிடித்து வைத்து, பணம் உறுதியானால் சீட்டு, இல்லையென்றால் உடனே இரண்டையும் விடுவிப்பது என்று வரையறுக்கப்பட்டால் இந்தத் துன்பத்தில் பெரும்பகுதி தீரும்.

கடைசியாக, அந்தச் செய்திகளுக்குள் பொதிந்திருப்பவை வெறும் எண்கள் அல்ல, சமூகம் ஏற்றுக்கொண்ட உரிமைகள். மூத்த குடிமக்களுக்குக் கீழ்ப்படுக்கை, பெண்களுக்குத் தனி ஒதுக்கீடு, ஒருவர் விழுப்புரத்தில் இறங்கினால் அதே படுக்கையை அங்கிருந்து ஏறுபவருக்குக் கொடுப்பது, ஆர்ஏசி பயணிகள் இருவர் பக்கவாட்டுப் படுக்கையைப் பகிர்ந்துகொள்வது, காத்திருப்போர் முன்னேறும் வரிசை ஆகிய எல்லாம் அந்த சி, ஃபோர்ட்ரான் வரிகளில்தான் இருக்கின்றன. புதிய மொழியில் மாற்றி எழுதும்போது ஒரு விதி விடுபட்டால் எந்த எச்சரிக்கை விளக்கும் எரியாது; ஒரு மூதாட்டி மேல்படுக்கையில் ஏற முடியாமல் நிற்பார், அவ்வளவுதான். எனவே பழைய அமைப்பை எழுதியவர்களும் பராமரித்தவர்களும் இன்னும் எட்டும் தூரத்தில் இருக்கும்போதே, அவர்களை உட்கார வைத்து ஒவ்வொரு விதியையும் எழுத்தில் வாங்க வேண்டும். அந்த ஆவணமும், செய்தி வடிவமும், அவற்றைச் சோதிக்கும் நிரல்களும் கிரிஸ் கையில் இருக்க வேண்டும்; ஒப்பந்ததாரர் மாறலாம், அறிவு வெளியே போகக் கூடாது. கவுண்டர் முனையங்களும் கைப்பேசிச் செயலிக்கு இணையாகப் புதிய அடுக்கில் இடம்பெற வேண்டும். ஆதாரும் கைப்பேசியும் இல்லாத பயணியும் இந்நாட்டுப் பயணிதான்.

முடிவாகச் சொல்வது இது. ரயில் முன்பதிவின் பழைய உட்பகுதி போகத்தான் வேண்டும். ஆனால் அது போகும் வழி 1994-க்கும் 1999-க்கும் இடையே அதைக் கொண்டுவந்த வழியாகவே இருக்க வேண்டும்: இணைப்பு முதலில், கணக்கு பிறகு, படிப்படியாக. புதிய அமைப்பின் வெற்றியை நிமிடத்துக்கு எத்தனை சீட்டு என்று மட்டும் ரயில்வே நமக்குச் சொல்லக் கூடாது. இருவருக்கு விற்ற படுக்கைகள் எத்தனை, பணம் கழிந்து சீட்டு வராத பரிவர்த்தனைகள் எத்தனை, அவற்றில் எத்தனை அன்றே தீர்ந்தன என்ற மூன்று எண்களையும் மாதந்தோறும் வெளியிட வேண்டும். மக்கள் பிரதிநிதிகள் நாடாளுமன்றத்தில் கேட்க வேண்டியவையும் அந்த மூன்று எண்களே.